பசி தீரும்வரை மரியாதை காத்திருக்குமா?

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஆசிரியர் பயிற்சி பெற்ற எவரிடமும், மனிதரைச் செயற்படத் தூண்டும் ஊக்கலைப் பற்றிக் கேட்டால், அவருடைய கை முதலில் ஒரு முக்கோணத்தை வரையும். அடித்தட்டில் உணவும் நீரும் உறக்கமும், அதற்கு மேலே பாதுகாப்பு, பிறகு அன்பும் உரித்துடைமையும் (ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர் என்ற உணர்வு), பிறகு மதிப்பு, உச்சியில் தன் ஆற்றல்களை முழுமையாக்கும் தன்னியல் நிறைவு. பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கும், போட்டிப் பரீட்சைகளுக்கும், அரச சார்பற்ற நிறுவனங்களின் பயிற்சிப் பட்டறைகளுக்கும், மாஸ்லோ என்ற உளவியலாளரின் பெயரில் வழங்கும் இந்த ஒரு படமே போதுமானதாக இருந்து வருகிறது. பாடசாலையொன்றில் உளவளத்துணைக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியை என்ற வகையில் இதைப் பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். இந்தப் படம் பரீட்சைத் தாளோடு நின்றுவிடவில்லை. எங்கள் பகுதியில் மனிதரை நடத்தும் முறைக்கே அது நியாயமாகிவிட்டது. ஏழைப் பிள்ளைக்கு முதலில் மதிய உணவைக் கொடுப்போம், அவன் பேச்சைக் கேட்பது பிறகு; இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு முதலில் அரிசியும் பருப்பும், அவர்களுடைய விருப்பத்தைக் கேட்பது பிறகு என்ற எண்ணம் உளவியலின் முத்திரையோடு உலவுகிறது. மனிதருக்குள் இருக்கும் வளரும் ஆற்றலை மையமாகக் கொண்ட மானிடவாத உளவியலின் இரு பெரும் ஆசிரியர்களான மாஸ்லோவும் ரொஜர்ஸும் எழுதியவற்றை நிதானமாகப் படிப்பவர் அந்த முத்திரைக்கு அங்கே இடமில்லை என்பதைக் காண்பார்.

ஏபிரகாம் மாஸ்லோ 1908இல் நியூயோர்க்கின் புரூக்ளினில், ரஷ்யாவிலிருந்து குடிபெயர்ந்த யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஹரி ஹார்லோவிடம் குரங்குகளின் மேலாதிக்க நடத்தையை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். மனித ஊக்கலைப் பற்றிய அவருடைய கட்டுரை, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டில் வெளியானது. அந்தக் கட்டுரையில் முக்கோணம் கிடையாது. அவர் சொன்ன தேவைகளைப் பிரமிட் வடிவில் அடுக்கிக் காட்டும் வழக்கம், 1960ஆம் ஆண்டளவில் அமெரிக்க முகாமைத்துவ எழுத்துகளிலிருந்து பரவியது என்பதை அண்மைக்கால ஆய்வாளர்கள் தேடிக் காட்டியிருக்கிறார்கள். ஊழியரிடமிருந்து கூடுதலான வேலையைப் பெறுவது எப்படி என்று சிந்தித்தவர்களுக்கு அந்த வடிவம் வசதியாக இருந்தது. அங்கிருந்து அது வணிகப் பாடநூலுக்கும், பிறகு கல்வியியல் பாடநூலுக்கும் வந்து, கடைசியில் எங்கள் கரும்பலகைக்கும் வந்து சேர்ந்தது.

முக்கோணம் வந்ததால் என்ன கெட்டது என்று கேட்கலாம். படி என்றால், கீழ்ப்படியில் முழுக்கக் கால் ஊன்றாமல் மேற்படிக்கு ஏற முடியாது என்றே மனம் எடுத்துக்கொள்ளும். மாஸ்லோ அந்த எண்ணத்தை அதே கட்டுரையில் மறுத்திருக்கிறார். ஒரு தேவை நூறு வீதம் நிறைவேறிய பிறகுதான் அடுத்தது தோன்றும் என்று கொள்வது தவறு என்று கூறி, விளக்கத்துக்காக மட்டும் சில எண்களைத் தருகிறார்: சாதாரணக் குடிமகன் ஒருவனுக்கு உடலியல் தேவைகள் 85 வீதமும், பாதுகாப்பு 70 வீதமும், அன்பு 50 வீதமும், சுயமதிப்பு 40 வீதமும், தன்னியல் நிறைவு 10 வீதமும் நிறைவேறியிருக்கலாம். இவை அளந்து பெற்ற எண்களல்ல என்பதையும் அவரே சொல்கிறார். எல்லாத் தேவைகளும் எல்லாக் காலத்திலும் கூடியும் குறைந்தும் ஒருங்கே இயங்குகின்றன என்பதுதான் அந்த எண்களின் பொருள். வரிசை மாறக்கூடும் என்பதையும், கொள்கைக்காக எல்லாவற்றையும் துறப்பவர்கள் உண்டு என்பதையும், ஒரே செயலைப் பல தேவைகள் சேர்ந்து தூண்டும் என்பதையும் அவர் எழுதியிருக்கிறார்.

அந்தக் கட்டுரையில் எங்கள் விரிவுரைக் குறிப்புகளில் ஒருபோதும் இடம்பெறாத பகுதியொன்று இருக்கிறது. அடிப்படைத் தேவைகள் நிறைவேறுவதற்கு முன்நிபந்தனைகளாகப் பேசும் சுதந்திரம், பிறருக்குத் தீங்கு விளையாதவரை தான் விரும்பியதைச் செய்யும் சுதந்திரம், தேடி அறியும் சுதந்திரம், நீதி, நேர்மை ஆகியவற்றை மாஸ்லோ குறிப்பிடுகிறார். இவற்றுக்கு ஆபத்து நேரும்போது மனிதர்கள், அடிப்படைத் தேவைக்கே ஆபத்து வந்துவிட்டதைப் போலத்தான் எதிர்வினை காட்டுவார்கள் என்கிறார். அப்படியானால் நீதியும் பேச்சும் வயிறு நிறைந்த பிறகு வரும் ஆடம்பரங்களல்ல. முக்கோணத்தில் வரைய இடமில்லாமற் போனதால் அவை மாணவரின் நினைவிலிருந்தும் போய்விட்டன என்றே நான் கருதுகிறேன். இந்த ஒரு பகுதியைப் படிப்பித்தாலே எங்கள் பயிற்சி வகுப்புகள் வேறு விதமாக இருக்கும்.

தன்னியல் நிறைவு என்ற கருத்தை மாஸ்லோ தானாக உருவாக்கவில்லை. முதலாம் உலகப் போரில் மூளையில் காயமுற்ற படைவீரர்களுக்குச் சிகிச்சையளித்த ஜெர்மனிய நரம்பியல் மருத்துவர் கேர்ட் கோல்ட்ஸ்ரைன், காயத்தின் பின்னும் அவர்கள் எஞ்சிய ஆற்றலைக் கொண்டு தம்மை முழுமையாக்க முயல்வதைக் கண்டு அந்தக் கருத்தை முன்வைத்தார். சிதைந்த உடலிலிருந்து பிறந்த கருத்து அது. வசதியாக வாழ்பவர்கள் ஓய்வு நேரத்தில் தேடும் சுயமேம்பாடாக அது இன்று விற்கப்படுவதைக் காணும்போது, அதன் பிறப்பிடத்தை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. போரில் காலையோ கண்ணையோ இழந்த பின்னும் தையல் மெஷினோடும் தறியோடும் வாழ்க்கையை மீட்டெடுத்தவர்களை, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக் கிராமங்களில் பார்த்திருப்பவர்களுக்குக் கோல்ட்ஸ்ரைன் சொன்னது உடனே விளங்கும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, காரைதீவு எனக் கரையோரம் நெடுகிலும் வீடு வீடாக இழப்பு நேர்ந்தது. மட்டக்களப்பிலே கல்லடியும் நாவலடியும் டச்பாரும் சிதைந்தன. படிநிலை என்பது மாறா விதியாக இருந்திருந்தால், அந்த நாட்களில் மக்கள் உணவையும் நீரையும் கூரையையும் தவிர வேறெதையும் நாடியிருக்கக் கூடாது. நாங்கள் கண்டதோ வேறு. பாடசாலைகளில் அமைந்த முகாம்களுக்குச் சோற்றுப் பொதிகள் வந்து சேர்ந்த வேளையில், தாய்மார் பலர் அவற்றைத் தொடாமல் பிள்ளைகளின் உடல்களைத் தேடி வைத்தியசாலைக்கும் கடற்கரைக்கும் நடந்துகொண்டிருந்தார்கள். உடல் கிடைக்காதவர்கள் ஒரு படமாவது கிடைக்காதா என்று உறவினர் வீடுகளில் பழைய கல்யாண அல்பங்களைக் கேட்டார்கள். முப்பத்தோராம் நாள் கிரியையைச் செய்ய வேண்டும், ஐயரை எங்கே தேடுவது, மடை வைக்க இலை எங்கே கிடைக்கும் என்ற கேள்விகள், கூடாரம் எப்போது வரும் என்ற கேள்விக்குச் சமமாக, சில நேரங்களில் அதற்கு முன்னதாகவே எழுந்தன. அடுத்த வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கை நடத்தியே தீர வேண்டுமென்று நின்றவர்களுக்குச் சொந்த வீடு இன்னும் கட்டி முடிந்திருக்கவில்லை. உணவு தேவையில்லை என்று இதற்குப் பொருளில்லை. பசியோடு இருக்கும்போதே மனிதர்கள் உறவையும் சடங்கையும் மானத்தையும் நாடுகிறார்கள் என்பதுதான் பொருள்.

நிவாரணம் வந்த முறை அந்த மானத்தை எப்படிப் பாதித்தது என்பதையும் சொல்ல வேண்டும். லொறியின் மேலிருந்து பொதிகள் எறியப்பட்ட இடங்கள் இருந்தன. ஒரே குடும்பத்தைப் பல நிறுவனங்கள் மாறி மாறிப் பதிந்து, அட்டையைக் கழுத்தில் மாட்டி, பொருளைக் கையில் ஏந்தியபடி படம் எடுத்துச் சென்ற இடங்களும் இருந்தன. தன் படகை இழந்திருந்த ஒரு பெரியவர், வரிசையில் நிற்கத் தன் மகளை அனுப்பிவிட்டுத் தான் வகுப்பறைக்குள்ளேயே இருந்துவிட்டார். காரணம் கேட்டபோது அவர் சொன்னது: “தாறதைப் பிழையெண்டு சொல்லேல்ல ரீச்சர். ஆனா, எங்கட பேரைக் கேட்டுத் தந்தா என்ன குறைஞ்சு போகும்?” பசியோடு இருந்தவருடைய வார்த்தை இது. அவருடைய மதிப்புத் தேவை எந்தப் படிக்கும் காத்திருக்கவில்லை. கொடுத்தவர்களின் நல்ல மனத்தை நான் ஐயுறவில்லை; ஆயினும் முதலில் வயிறு என்ற சூத்திரம் அவர்களுக்குக் கை கொடுத்ததால், பெறுபவரின் முகத்தைப் பார்க்காமலே கொடுத்து முடிக்க முடிந்தது.

ஆய்வுகள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1976இல் வாபா, பிரிட்வெல் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஐந்து படி வரிசைக்குத் தெளிவான ஆதரவு கிடைக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். 2011இல் லூயிஸ் டேயும் எட் டீனரும் 123 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்தபோது, மாஸ்லோ குறிப்பிட்டவற்றைப் போன்ற தேவைகள் உலகெங்கும் மனித நலத்தோடு தொடர்புற்றிருப்பது தெரிந்தது. அடிப்படைத் தேவைகள் பொதுவாக முந்தி நிறைவேறுகின்றன என்பதும் உண்மையாகவே இருந்தது. ஆனால் மற்றத் தேவைகள் குறைந்திருக்கும்போதும், உறவும் மதிப்பும் தம் பங்குக்கு நலத்தைத் தந்தன. அந்த ஆய்வைப் படித்தபோது, கீழ்த்தட்டு, மேல்தட்டு என்ற பேச்சை விட்டுவிட்டு, உடலுக்குப் பலவகைச் சத்துகளும் ஒரே நேரத்தில் வேண்டியிருப்பதைப் போல் மனத்துக்கும் வேண்டும் என்று மாணவருக்கு விளக்குவதே பொருத்தமாகத் தோன்றியது.

எங்கள் பகுதியில் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குச் செல்லும் தாய். கணக்கெடுக்க வருபவர் அவளைக் கீழ்ப்படியில் எழுதிக்கொள்வார்: வருமானமில்லை, கடன் இருக்கிறது, உணவுக்காகப் போகிறாள். அருகே அமர்ந்து கேட்டால் கதை வேறாக இருக்கும். மட்டக்களப்பின் தாய்வழிக் குடி மரபில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும். அந்த வீட்டைக் கட்டி முடிப்பதுதான் அவள் போவதன் நோக்கம். அதிலே மகள்மீதான அன்பு இருக்கிறது. ஊரிலே தன் குடும்பத்துக்கு இருக்கவேண்டிய மதிப்பு இருக்கிறது. குடிகாரக் கணவனிடமிருந்து சில ஆண்டுகளாவது விலகியிருக்கும் பாதுகாப்பு இருக்கிறது. தான் நினைத்ததைத் தானே செய்து முடிக்க முடியும் என்று காட்டும் உந்துதலும் இருக்கிறது. அன்பின் பொருட்டு அன்புக்குரியவர்களை விட்டே பிரிகிறாள். இந்த ஒரு செயலை ஐந்தாகப் பிரித்து எந்தப் படியில் வைப்பது? ஒரே நடத்தையைப் பல ஊக்கிகள் தூண்டும் என்று மாஸ்லோ சொன்னதை விளக்க, முகாமைத்துவ நூல்களிலிருந்து எடுத்த தொழிற்சாலை உதாரணங்களைவிட இந்தத் தாயின் கதையே சிறந்தது.

கார்ல் ரொஜர்ஸ் வேறொரு திசையிலிருந்து இதே இடத்துக்கு வந்தார். 1902இல் சிக்காகோவை அடுத்த ஓக் பார்க்கில் பிறந்தவர். விவசாயம் படிக்கத் தொடங்கி, வரலாற்றுக்கு மாறி, இறையியல் கல்லூரிக்குச் சென்று, கடைசியில் உளவியலுக்கு வந்தார். 1928 முதல் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் ரொசெஸ்ரர் நகரில், நீதிமன்றங்களும் நலன்புரி நிறுவனங்களும் அனுப்பிய குழப்படிப் பிள்ளைகளோடு வேலை செய்தார். அங்கே நடந்த ஒன்றை அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஒரு பையனுடைய நடத்தைக்குத் தாயின் புறக்கணிப்பே காரணம் என்று கருதி, அதை அந்தத் தாய்க்கு விளங்கவைக்கப் பலமுறை முயன்றும் பயன் கிடைக்கவில்லை. இருவரும் முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்ட பின், எழுந்து வாசல்வரை சென்ற அந்தத் தாய் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை வழங்குவீர்களா என்று கேட்டார். ஆம் என்றதும் வந்து அமர்ந்து, தன் மணவாழ்வின் துயரத்தைக் கொட்டினார். முன்னர் தந்த ஒழுங்கான விவரங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்கவில்லை. எங்கே வலிக்கிறது என்பது வலிப்பவருக்குத்தான் தெரியும், எந்தப் பக்கம் போவது என்பதையும் அவரே அறிவார் என்று ரொஜர்ஸ் உறுதியாக எண்ணத் தொடங்கியது அதன் பிறகே.

1942இல் வெளிவந்த நூலில், ஒரு துணைநாடியுடன் (உளவளத்துணை தேடி வந்தவருடன்) நடந்த முழு உரையாடல் தொடரையும் ஒலிப்பதிவிலிருந்து அப்படியே எழுத்தாக்கி வெளியிட்டார். அறைக்குள் என்ன நடக்கிறது என்பதை மற்றவர்கள் பார்த்துச் சரி பிழை சொல்லட்டும் என்று திறந்து காட்டிய அந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடித்தது. 1957இல், ஆளுமை மாற்றத்துக்கு இன்றியமையாதவை என்று அவர் முன்வைத்த நிபந்தனைகளுள் மூன்று இன்றும் பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுகின்றன: துணையாளர் முகமூடியின்றி மெய்யாக இருத்தல், துணைநாடியை நிபந்தனையின்றி ஏற்றல், அவருடைய உலகை அவர் இருக்கும் இடத்திலிருந்தே உணர்தல். மனிதருக்குள் வளரும் நாட்டம் இயல்பாகவே இருக்கிறது என்பது இவற்றின் அடித்தளம். பிள்ளைப் பருவத்தில் தன் வீட்டு நிலவறையில் குளிர்காலத்துக்காக வைத்த உருளைக்கிழங்குகள், சிறு சன்னலிலிருந்து வந்த வெளிச்சத்தை நோக்கி வெளிறிய முளைகளை நீட்டியதை அவர் இதற்கு உதாரணமாகச் சொல்வார். அந்த முளைகள் நல்ல செடியாவதில்லை. ஆனாலும் வாழ முயல்கின்றன.

அவருடைய கருத்துகளுள் எங்கள் பாடசாலைகளுக்கு மிக நெருக்கமானது மதிப்பு நிபந்தனைகள் பற்றியது. பிள்ளை தன்னை ஏற்கும் பெரியவர்களுக்காக ஏங்குகிறது. இப்படி இருந்தால்தான் உன்னை ஏற்போம் என்று அவர்கள் சொல்லியும் சொல்லாமலும் உணர்த்தும்போது, அந்த நிபந்தனைகளைப் பிள்ளை தன்னுடையனவாக்கிக்கொள்கிறது. பிறகு தனக்கு உண்மையில் என்ன தோன்றுகிறது என்பதைவிட, எப்படி இருந்தால் ஏற்கப்படுவேன் என்பதே அதன் வாழ்க்கையை நடத்துகிறது. தான் இருக்கும் நிலைக்கும் தான் இருக்க வேண்டிய நிலைக்கும் இடையே விழும் பிளவைத்தான் ரொஜர்ஸ் பதகளிப்பின், அதாவது மனப்பதற்றத்தின், ஊற்றாகக் கண்டார்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை இந்தக் கண்ணோடு பாருங்கள். பத்து வயதுப் பிள்ளைகள் எழுதும் அந்தப் பரீட்சையின் மொத்தப் புள்ளி 200. மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி அறிவிக்கப்படும். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு உதவிப் பணம் வழங்குவதும், திறமையுள்ள பிள்ளைக்கு வசதியுள்ள பாடசாலையில் இடம் தருவதும் அதன் நோக்கங்கள். அவை நல்ல நோக்கங்கள் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பெறுபேறு வந்த அன்று எங்கள் ஊர்களில் நடப்பது என்ன? சந்திகளில் பதாகைகள் எழுகின்றன. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் படமும் புள்ளியும் அவற்றில் இருக்கும். ரியூசன் நிலையங்கள் தங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளும். தாண்டாத பிள்ளை அதே சந்தியால்தான் பாடசாலைக்கு நடக்க வேண்டும். சில புள்ளிகளால் தவறவிட்ட ஒரு பிள்ளை, மாமி வீட்டுக் கலியாணத்துக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்த காரணத்துக்காக என்னிடம் அழைத்து வரப்பட்டாள். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எல்லாரும் எத்தினை எண்டு கேப்பாங்க ரீச்சர்” என்றாள். அவளை எவரும் அடிக்கவில்லை, ஏசவுமில்லை. பெற்றோர் அன்பானவர்கள். அந்த ஓராண்டு முழுவதும் வீட்டில் பேசப்பட்டது புள்ளி மட்டுமே என்பதால், தன்னை எண்ணாகவே பார்க்க அவள் பழகியிருந்தாள்.

இப்படிப்பட்ட வேளையில் நிபந்தனையற்ற ஏற்பு என்பதற்குப் பெற்றோரிடம் தவறான பொருள் போய்ச் சேரக் கூடாது. படிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுவதையோ, செய்வதையெல்லாம் சரியென்பதையோ ரொஜர்ஸ் கேட்கவில்லை. செயலை மறுக்கலாம், பிள்ளையை மறுக்கக் கூடாது. “இந்தக் கணக்கைத் திரும்பப் பாரு மகள்” என்பதும் “உன்னால எங்களுக்கு வெட்கம்” என்பதும் இரு வேறு உலகங்கள்.

பரிசைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். பெறுபேற்றுக்குச் சைக்கிள், ரியூசனுக்குப் போனால் போன், நூறு எடுத்தால் பணம் என்று ஊக்கலை விலைக்கு வாங்கும் வழக்கம் இப்போது வீடுகளில் பரவியிருக்கிறது. எட்வேர்ட் டீசி 1971இல் பல்கலைக்கழக மாணவரிடம் செய்த பரிசோதனை இதற்கு நேரடியானது. ஒரு புதிரை விரும்பி விளையாடிக்கொண்டிருந்தவர்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியபோது, பணம் நின்ற பிறகு ஓய்வு நேரத்தில் அதைத் தொடும் ஆர்வம் குறைந்தது. 1973இல் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்க முன்பள்ளியொன்றில், வண்ணப் பேனாவால் படம் வரைவதை விரும்பும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், பிறகு தாமாக வரைந்த நேரம் மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடுகையில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற பிள்ளைகளிடம் அந்த வீழ்ச்சி காணப்படவில்லை. பரிசு எல்லாமே தீங்கு என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. சலிப்பூட்டும் வேலைக்குப் பரிசு கொடுப்பதால் இழக்க எதுவுமில்லை. உண்மையான பாராட்டு ஆர்வத்தை வளர்க்கவும் கூடும். ஏற்கெனவே விரும்பிச் செய்வதற்கு விலை வைப்பதுதான் கெடுதல்.

டீசியும் ரிச்சர்ட் ரயனும் இதிலிருந்து வளர்த்தெடுத்த சுயநிர்ணயக் கோட்பாடு மூன்று உளத்தேவைகளை முன்வைக்கிறது: தானே ஒப்பிச் செய்தல் (சுயாதிபத்தியம்), செய்ய முடியும் என்ற திறனுணர்வு, உறவு. இவற்றை அவர்கள் படியாக அடுக்கவில்லை. கூட்டாக வாழும் எங்கள் சமூகத்துக்கு இதெல்லாம் ஒத்துவராது, இது மேல்நாட்டுத் தனிமனிதவாதம் என்று கருத்தரங்குகளில் சிலர் எழுந்து சொல்வதுண்டு. மாஸ்லோவைப் பொறுத்தவரை அதிலே நியாயம் இருக்கிறது. தன்னியல் நிறைவு பெற்றவர்களென்று அவர் தேர்ந்த ஐன்ஸ்டைன், லிங்கன், எலினர் ரூஸ்வெல்ட் போன்றோர் பெரும்பாலும் அவருடைய பண்பாட்டின் ஆட்களே, தேர்ந்த முறையும் கறாரானதல்ல. டீசியும் ரயனும் சொல்லும் சுயாதிபத்தியமோ குடும்பத்தை உதறித் தனியே நிற்பதைக் குறிக்கவில்லை. தங்கையின் வீட்டுக்காகக் கட்டாருக்குப் போகும் அண்ணன், அதை மனமார ஏற்றுப் போனால் அவன் சுயாதீனமாகவே செயற்படுகிறான். ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தால் மட்டும் போனால், அதே விமானத்தில் அதே வேலைக்குப் போகும் அவனுக்குள் அந்தத் தேவை பட்டினி கிடக்கிறது. உளவளத்துணையாளருக்கு இந்த வேறுபாடு மிகவும் பயன்படும். குடும்பமா நீயா என்று கேட்கத் தேவையில்லை. இதில் உன் மனம் எங்கே நிற்கிறது என்று கேட்டால் போதும்.

மாஸ்லோ 1938 கோடையில் கனடாவின் அல்பேர்ட்டாவில் சிக்சிகா பழங்குடியினரிடையே சில வாரங்கள் தங்கியிருந்தார். செல்வத்தைச் சேர்த்து வைத்தவரைவிட அதைப் பகிர்ந்து கொடுத்தவரே அங்கே பெரியவராக மதிக்கப்பட்டதையும், மக்களிடையே பரவலாக இருந்த மனப்பாதுகாப்பையும் கண்டு அவர் வியந்தார். தன் இறுதி ஆண்டுகளில், தன்னியல் நிறைவுக்கும் அப்பால் தன்னைக் கடந்து பிறருக்காகவும் உயர்ந்த ஒன்றுக்காகவும் வாழ்வதைப் பற்றி அவர் எழுதினார். நாசி வதைமுகாம்களிலிருந்து மீண்ட வியன்னா மருத்துவர் விக்டர் பிராங்கிள் அதற்கு முன்பே, தன்னியல் நிறைவை நேரே குறிவைத்தால் அது தப்பிவிடும், அர்த்தமுள்ள ஒன்றுக்குத் தன்னை ஒப்படைக்கும்போதே அது துணை விளைவாக வந்து சேரும் என்று வாதிட்டிருந்தார். 1970இல் மாஸ்லோ இறந்த பின்னும் பல பாடநூல்களில் இந்தக் கடைசிப் பகுதி சேரவில்லை. அம்பாறைக் கரையோரத்தில் பிறந்து, துறவு பூண்டு, கல்லடி உப்போடையில் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பாடசாலை எழுப்பிய விபுலாநந்த அடிகளின் ஊரில் இதை விளக்க மேல்நாட்டு உதாரணம் தேட வேண்டியதே இல்லை.

ரொஜர்ஸின் முறை எங்கள் மண்ணில் சந்திக்கும் இடர்களையும் மறைக்கக் கூடாது. என்னிடம் வரும் தாய்மார் முதல் நாளிலேயே, “நீங்களே ஒரு வழியைச் சொல்லுங்கோ ரீச்சர், நீங்க சொன்னா அவன் கேப்பான்” என்பார்கள். சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தால், ரீச்சருக்கு ஒன்றும் தெரியாது என்று போய்விடுவார்கள். நுண்கடன் வசூலிக்க வாசலில் நிற்பவர்களுக்கு அஞ்சி ஒளிந்திருக்கும் பெண்ணுக்கு ஒத்துணர்வோடு சட்ட உதவி கிடைக்கும் இடமும் தேவை. அந்த விவரத்தைத் தராமல் அவருடைய உணர்வை மட்டும் பிரதிபலித்துக்கொண்டிருப்பது ஏற்பாகாது. தன்னுயிரை மாய்க்க எண்ணும் பிள்ளை முன்னால் இருக்கும்போது வழிநடத்தாமல் இருக்கவே முடியாது. உடனே காக்க வேண்டும், மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். முகாமிலே கூரை ஒழுகும் குடும்பத்திடம் உள்ளிருக்கும் வளரும் நாட்டத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வருவதும், முதலில் வயிறு என்று சொல்லி முகம் பாராமல் கொடுப்பதைப் போலவே, மனிதரைப் பாதியாக்கிப் பார்ப்பதாகும்.

ஆயினும் கேட்டலின் வலிமையை எங்கள் பகுதி அறியும். போர் நடந்துகொண்டிருந்த 1996இல் மட்டக்களப்பில் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவுக்குத் தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். களிமண்ணும் வண்ணமும் கதையும் விளையாட்டும் அங்கே இருந்தன. வறுமையும் அச்சமும் நீங்கிய பிறகு வாருங்கள் என்று அவர்களிடம் எவரும் சொல்லவில்லை. 1970களின் தொடக்கத்தில் ரொஜர்ஸ் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரத்துக் கத்தோலிக்கரையும் புரட்டஸ்தாந்தினரையும் ஒரே குழுவில் அமர்த்திப் பேசவைத்ததும் அங்கே குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலத்தில்தான். சமாதானம் வந்த பிறகு கேட்கலாம் என்று அவரும் காத்திருக்கவில்லை.

இப்போது எங்கள் பாடசாலையில் பெறுபேறு வரும் காலத்துக்கு முன்பாகவே ஐந்தாம் தரப் பெற்றோரைக் கூட்டிப் பேசுகிறோம். புள்ளியை உறவினருக்குத் தொலைபேசியில் அறிவிக்கும் முன் பிள்ளையோடு தனியே அமருங்கள், முதற்கேள்வி எத்தனை என்பதாக இருக்க வேண்டாம், பதாகையில் படம் போடச் சம்மதமா என்று பிள்ளையிடமே கேளுங்கள் என்பவை அங்கே சொல்லப்படுபவை. சில தந்தைமார் இதெல்லாம் பிள்ளையைச் சோம்பேறியாக்கும் என்று எதிர்க்கிறார்கள். அவர்களுடைய அச்சத்தின் பின்னால் கல்வியால் மட்டுமே மேலெழுந்த ஒரு குடும்பத்தின் வரலாறு இருப்பதால், அதையும் பொறுமையாகக் கேட்க வேண்டியிருக்கிறது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு ஆசிரியர் எவ்வளவு தூரம் ஒவ்வொருவரையும் ரொஜர்ஸ் சொன்ன விதத்தில் ஏற்க முடியும் என்ற கேள்விக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. கல்முனைப் பக்கத்திலோ படுவான்கரையிலோ இதைச் செய்து பார்த்த ஆசிரியர்கள் இருந்தால், எது கைகூடியது, எது கைகூடவில்லை என்பதை எனக்கு எழுதுங்கள். அடுத்த பதிவில் அவற்றை வைத்தே தொடர விரும்புகிறேன்.